பச்சை உள்ளே போகும் நேரம்

பாசி எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது ஹட் பேயில், அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காலத்தில். அதற்கு முன் ஐஸ் பேக்டரியில் கட்டி உடைத்தேன். போர்ட் பிளேயரில் ஒரு கான்ட்ராக்டரிடம் கம்பி வளைத்தேன். டூரிஸ்ட் படகு கழுவினேன். எந்த இடத்திலும் சண்டை போட்டு வெளியே வரவில்லை. கொஞ்ச நாள் ஆனதும் வேறு தீவுக்குப் போகும் கப்பலைப் பார்த்தால் ஏறிவிடுவேன், அவ்வளவுதான்.

பிறந்தது கட்சால் தீவில். அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் எடுத்தவர்கள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கடல் ஏறி வந்தது. பள்ளிக்கூடம் போனது, வீடு போனது, அப்பா போனார். பிறகு தகரக் கொட்டகைகளில் எங்களைக் குடிவைத்து, வகுப்பும் ஆரம்பித்தார்கள். மற்ற பிள்ளைகள் போனார்கள். நான் மீன் படகில் போனேன்.

ஹட் பேயில் அக்கா வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த ஒரு வீட்டைத் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்தார். பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். மூச்சடக்கி முங்கத் தெரிந்த, தமிழ் பேசுகிற ஆள் அவருக்கு வேண்டும். அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"மேடம், இவன் என் மச்சான். தண்ணிக்குள்ள போனா அரை மணி நேரத்துக்குத் திரும்பி வர மாட்டான்."

"அரை மணியா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கரையில வேலைக்கு விட்டாலும் அப்படித்தான். போனா திரும்பி வர மாட்டான்."

அவர் சிரித்துக்கொண்டே என்னை வைத்துக்கொண்டார். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். எங்கள் தீவில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். முதல் வாரம் முழுக்க அக்கா என்னிடம் பருப்பு என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் எடுத்தது பவளத் திட்டின் ஓரத்தில், மணலில் ஊன்றி நிற்கும் ஒரு பச்சைப் பாசி. லத்தீனில் அதற்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு அது வாயில் நுழையவில்லை. சட்டைப் பொத்தான்களை ஒன்றின் தலையில் ஒன்றாக ஒட்டவைத்தது போல இருக்கும் என்பதால் வில்லைப்பாசி என்றேன். கொஞ்ச நாளில் மேடமும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். மற்றப் பாசிகள் மாதிரி அது வழுக்காது. உள்ளே சுண்ணாம்பு இருப்பதால் விறைப்பாக நிற்கும், காய்ந்தால் பிஸ்கட் போல ஒடியும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் தொட்டித் தண்ணீரை மாற்றப் போனேன். மத்தியானம் கரும்பச்சையாக இருந்த செடிகள் எல்லாம் வெளுத்து நின்றன. சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்தது போல இருந்தது.

"மேடம், எல்லாம் போச்சு."

அவர் அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "போவல அண்ணாச்சி. உள்ள போயிருக்கு. காலையில வரும்."

காலையில் வந்து பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஒரு வில்லையைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். என் பாடப் புத்தகத்தில் செல் என்றால் ஒரு பெட்டி. உள்ளே இருப்பதெல்லாம் அம்புக்குறி காட்டிய இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பசுங்கணிகம் என்ற வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இந்தப் பாசியில் பெட்டியே இல்லை. ஒரு செடி முழுக்க ஒரே செல் என்றார். குறுக்குச் சுவர் கிடையாது. நடுவில் நீளவாட்டில் குழாய்கள் கட்டுக்கட்டாகப் போகின்றன. அவற்றிலிருந்து பிரிந்து வெளிப்பக்கம் வரும் கிளைகள் முனையில் பலூன் போல உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, வில்லையின் தோலாக நிற்கின்றன. பகலில் பசுங்கணிகங்கள் அந்த உப்பிய முனைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வெயில் வாங்குகின்றன. சாயங்காலம் ஆனால் குழாய் வழியாக நடுப்பகுதிக்கு இறங்கிவிடுகின்றன. வெளியே வெறும் தோலும் சுண்ணாம்பும் மிஞ்சுகின்றன. நான் பார்த்த வெள்ளை அதுதான்.

"மெயின்லேண்ட் கப்பல் மாதிரி," என்றேன். "பகல்ல எல்லாரும் மேல டெக்குக்கு வந்துருவாங்க. ராத்திரி கீழ பங்க் கட்டிலுக்குப் போயிருவாங்க."

"அப்படியே வச்சிக்கிடுங்க. ஆனா கப்பல்ல ஆளு காலால நடந்து போவான். இதுக்குக் கால் ஏது? உள்ள நூலு மாதிரி ஓடுது. அதைப் புடிச்சுத்தான் போவுது, வருது."

அந்த நூலைக் குலைக்கும் மருந்து ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு தொட்டியில் அதைக் கலந்துவிட்டுக் காத்திருந்தோம். மற்றத் தொட்டிகளில் பச்சை உள்ளே போய்விட்டது. மருந்து விட்ட தொட்டியில் போகவில்லை. இரவெல்லாம் பச்சையாகவே நின்றது.

ஏன் உள்ளே போகிறது என்று கேட்டேன். ராத்திரி மேயும் மீன் கடித்தால் வெறும் சுண்ணாம்புதான் வாயில் படும், அதற்காக இருக்கலாம் என்று சிலர் சொல்வதாகச் சொன்னார். தனக்கு உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னார். அவருக்கு உறுதியாகத் தெரிந்தது வேறு ஒன்று. விடிந்தபிறகு வெளிச்சம் பட்டுப் பச்சை வெளியே வருவதில்லை. இருட்டு இருக்கும்போதே கிளம்பிவிடுகிறது. உள்ளே ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது. கறுப்புத் துணி போட்டு மூடிய தொட்டியிலும் விடியும் நேரத்துக்கு முன்னால் பச்சை மேலே ஏற ஆரம்பிப்பதை அவர் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்.

இதை அவருடைய ஆராய்ச்சி கைடு, மேடம் சார் என்று சொல்பவர், நம்பவில்லை. துணியில் எங்கோ ஓட்டை இருந்திருக்கும் என்பது அவர் கட்சி. அவர் ஒப்புக்கொண்டால் மேடம் இந்த சீசனோடு வேலையை முடித்து ஊருக்குப் போகலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த சீசனும் ஹட் பேயில்தான். ஊரில் மேடத்துக்கு ஒரு பையன் இருந்தான். நடக்க ஆரம்பித்த நேரத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். சிக்னல் கிடைக்கும் நாளில் வீடியோவில் கூப்பிடுவார். படம் நின்று நின்று வரும். பையன் போனைத் திருப்பி, அம்மா பின்பக்கம் இருக்கிறாளா என்று பார்ப்பான். ஒரு நாள் அதுவும் செய்யாமல், போனை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். அன்றைக்கு மேடம் சாப்பிடவில்லை. அக்கா கொடுத்தனுப்பிய மீன் குழம்பைப் பூனை தின்றது.

சார் வேறு ஒரு கூட்டத்துக்காகப் போர்ட் பிளேயருக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஒரு ராத்திரி தங்குவார். போனில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"போட்டோவை வச்சு நான் ஒத்துக்க மாட்டேன்மா. என் கண்ணால பாக்கணும். நான் குறிச்சு வைக்கிற செடியில பாக்கணும்."

"பாக்கலாம் சார்."

போர்ட் பிளேயரில், ஷாதிபூர் பக்கம் மச்சானுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அறை பிடித்தோம். நான் முன்னதாகப் போய் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இரண்டு மடிப்பாக அடித்து, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, தொட்டியும் வைத்துவிட்டுத் திரும்பினேன். பிறகு செடிகளை நல்லதாகப் பார்த்து எடுத்து, மூன்று தெர்மகோல் பெட்டிகளில் கடல் தண்ணீரோடு வைத்து, பேட்டரியில் ஓடும் சின்ன பம்பு போட்டு, சாயங்காலமே மூடிவிட்டோம். கப்பல் காலையில்.

விடியும் முன்பே மச்சான் ஜீப்பில் இரண்டு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜெட்டிக்குப் போனார். மூன்றாவது பெட்டியின் பம்பு நின்றிருந்ததால் அதைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு நானும் மேடமும் பின்னால் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சான் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். காலடியில் இரண்டு பெட்டி. மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்க மச்சான்?"

அவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "கொட்டிட்டேன்."

"எங்க?"

"கடல்லதான். வேற எங்க கொட்டுறது? அரே, செக்கிங் போட்டுருக்கான்டா. முன்னால ஒருத்தன் பையில சங்கு இருந்துச்சுன்னு சைடுல உக்கார வச்சிருக்கான். நான் டார்ச் அடிச்சு உள்ள பார்த்தேன். பச்சை ஒண்ணுமே இல்ல. எல்லாம் செத்து வெள்ளை வெள்ளையா பவளத் துண்டு மாதிரி கிடக்கு. மேடம் பாசின்னு சொல்லும், அவன் பவளம்னு எழுதுவான். உன்னையும் புடிப்பான், அந்தப் பொண்ணையும் புடிப்பான்."

தீவில் வளர்ந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பவளத் துண்டை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறக் கூடாது என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். பவளம் வெளுத்தால் செத்தது என்பதும் தெரியும். பாசி எடுக்க மேடத்திடம் பர்மிட் இருந்தது. வெள்ளையாக இருப்பது பாசி என்று மச்சானுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டோம். ஒரு நாளும் அந்தப் பேச்சு வரவில்லை.

மேடம் காலிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மச்சானிடம், "எந்தப் பக்கம் போட்டீங்க?" என்றார். மச்சான் கையைக் காட்டினார். ஜெட்டிக்கு அந்தப் பக்கம் ஆழம், இழுப்பு வேறு. முங்கித் தேடுகிற இடம் இல்லை. கரைக்குப் போய்ப் புதிதாக எடுக்க நேரமும் இல்லை. போர்ட் பிளேயர் கடலிலும் இந்தப் பாசி உண்டு, ஆனால் பர்மிட் எங்கள் கரைக்கு மட்டும்தான்.

"மேடம், நான் உங்களக் காப்பாத்தலாம்னுதான்..."

"தெரியுது," என்றார். மூன்றாவது பெட்டியை என்னிடம் விடாமல் தானே தூக்கிக்கொண்டு, பர்மிட்டைக் காட்டிச் செக்கிங்கைத் தாண்டினார். அதில் முழுச் செடி ஒன்றும், ஒடிந்த சின்னச் செடி ஒன்றும் இருந்தன. கப்பலில் மூடியைத் திறந்து வெயில் படுகிற இடத்தில் வைத்தோம். பக்கத்து ஸீட்டில் இருந்த பெங்காலிக் கிழவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, எப்படிச் சமைப்பது என்று ஹிந்தியில் கேட்டார். மேடத்துக்குப் புரியவில்லை. சமைப்பதற்கு இல்லை என்று நான் சொன்னேன். பிறகு எதற்கு இவ்வளவு தூரம் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். நான் பெட்டியை வெயில் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

சார் அன்றைக்குச் சாயங்காலம் அறைக்கு வந்தார். வழுக்கைத் தலை, கையில் பூதக்கண்ணாடி. ஜன்னல் துணியை விரலால் அழுத்திப் பார்த்தார். டேப் ஒட்டிய இடங்களைத் தடவிப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். "நல்லா இருக்கு," என்றார். தொட்டியில் இரண்டு செடி மட்டும் நிற்பதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

மேடம் நடந்ததைச் சொன்னார். சார் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சரி. இதுல எது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பெரிய செடியைக் குறித்தார். பையிலிருந்து சிவப்பு நூல் எடுத்து அதன் அடியில் தானே கட்டினார். நல்லதாக இருப்பதைத்தான் யாரும் குறிப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் குறித்திருப்பேன். இருட்டியதும் இரண்டு செடியும் வெளுத்தன. வெளிச்சம் செடிக்கு உறைக்காமல் இருக்கச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய டார்ச்சில் அவர் அதைப் பார்த்துவிட்டு ஹோட்டலுக்குப் போனார். விடியும் முன் வருவதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அடியில் துணி திணித்தோம். மேடம் சிவப்பு டார்ச்சைத் தொட்டிக்கு நேரே பிடித்தார்.

சிவப்பு வெளிச்சத்தில் பச்சை கறுப்பாகத்தான் தெரியும். ஒடிந்த செடியின் வில்லைகளில் அந்தக் கறுப்பு அடியிலிருந்து ஏறியிருந்தது. நூல் கட்டிய செடி வெள்ளையாகவே நின்றது. அதன் ஓரங்களில் மட்டும் கடுகு போலச் சின்ன உருண்டைகள், கொத்துக்கொத்தாக. சாயங்காலம் அவை இல்லை.

சார் நெடுநேரம் பார்த்தார். "நான் கட்டினது வரலையேம்மா."

"வரல சார்," என்றார் மேடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. டார்ச்சை ஓரத்து உருண்டைகளின் பக்கம் கொண்டுபோனார். "இனி வராது. உள்ள இருந்ததெல்லாம் ஓரத்துக்குப் போயிருச்சு. அந்த உருண்டைக்குள்ளதான் இருக்கு எல்லாம். நாளைக்கு விடியும்போது தண்ணியில விட்டுரும். அப்புறம் வெறும் கூடுதான்."

"விதைக்குப் போயிருச்சுங்கிறே."

"விதைன்னே வச்சிக்கிடலாம்."

"எங்கிட்ட நீ சொன்னது இது இல்லையே."

"இல்ல சார்."

அவர் ஒடிந்த செடியின் பக்கம் கண்ணாடியைத் திருப்பினார். "இதுல நான் நூல் கட்டல."

"கட்டல சார்."

மேடம் வாதாடவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இரண்டும் ஒரே தொட்டி, ஒரே துணி, ஒரே ராத்திரி என்று நானே சொல்லியிருப்பேன். அவர் டார்ச்சை ஒடிந்த செடியின் நுனிக்குக் கொண்டுபோனார். நுனி வில்லை இன்னும் வெள்ளையாக இருந்தது. சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் மட்டும், இருட்டு ஒரு நூலளவு மேலே ஏறியிருந்தது தெரிந்தது. நுனியின் பாதி வரை வந்தபோது சார் என் பக்கம் திரும்பினார்.

"வெளிய விடிஞ்சிருச்சான்னு பாத்துட்டு வாப்பா. கதவை டக்குனு சாத்து."

போனேன். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. வானம் கறுப்பாகத்தான் இருந்தது. கடல் பக்கம்கூட வெளுக்கவில்லை. திரும்பி வந்து சொன்னேன்.

"இல்ல சார். இன்னும் இருட்டுதான்."

"ம்," என்றார். மறுபடி கண்ணாடியை வைத்தார். நுனி முழுவதும் கறுத்த பிறகுதான் எழுந்தார். "வெளிச்சம் காரணம் இல்லைன்னு ஒத்துக்கிடுறேன். நான் நூல் கட்டாத செடியா இருந்தாலும் ஒத்துக்கிடுறேன். எழுது."

மேடம் டார்ச்சை அணைத்துவிட்டார்.

பகலில் சாருக்கு பிளைட். அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக டாக்ஸி சொல்லியிருந்தேன். வெளியே வந்ததும், "அதை வேண்டாம்னு சொல்லிரு," என்றார். கூட ஒரு நாள் இருந்து, மறுநாள் விடியலில் நூல் கட்டிய செடியின் முன்னால் உட்கார்ந்தார். இந்த முறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோது ஓரத்து உருண்டைகளிலிருந்து பச்சைப் புகை கிளம்பியது. ஒரு கொத்து, பிறகு இன்னொரு கொத்து. தொட்டித் தண்ணீர் இளநீர்ப் பச்சையாகக் கலங்கியது. டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செடி நூலோடு வெள்ளையாக நின்றது. தொட்டுப் பார்த்தேன். நொறுங்கியது.

சார் முகம் மாறியிருந்தது. "உள்ளே போறது, திரும்பி வர்றது, மொத்தமா வெளிய போறது. மூணும் ஒரே செல்லுக்குள்ள. எப்ப அது மூணாவதுக்கு முடிவு பண்ணுதுன்னு பாக்கணும்மா. இன்னொரு சீசன் இரு. பெரிய வேலையா வரும். நான் ஏற்பாடு பண்றேன்."

மேடம் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருக்கு ஆசை இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது.

"முதல் ரெண்டும் போதும் சார். மூணாவதை வேற யாராவது பாக்கட்டும். நான் ஊருக்குப் போறேன்."

"பத்து வருஷம் கழிச்சு வருத்தப்படுவே."

"படுதேன் சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு வேறு டாக்ஸி சொல்லச் சொன்னார்.

மேடம் அந்த வாரமே பிளைட்டில் போனார். பம்பையும் தெர்மகோல் பெட்டிகளையும் என்னிடம் விட்டுப் போனார். பெட்டிகளை மச்சான் மீனுக்கு எடுத்துக்கொண்டார்.

"அது உசுரோடதான் இருந்துச்சா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இருந்துச்சு."

"கடல்லதானே போட்டேன். இன்னேரம் எங்கயாவது புடிச்சு நின்னுருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணு என்னைத் திட்டுச்சா?" என்றார்.

"இல்ல."

"திட்டியிருக்கலாம்," என்றார்.

மழை தொடங்கிய பிறகு நான் ஹட் பேயை விட்டுவிட்டு, படகுக்கு பெயின்ட் அடிக்கும் வேலையில் இருந்தேன். மேடத்திடமிருந்து போன் வந்தது. சார் ஒப்புக்கொண்டதை எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"கிட்ட வர மாட்டேங்கான் அண்ணாச்சி. நான் உள்ள வந்தா அத்தை சேலைக்குப் பின்னால போயிருதான்."

"பழகிருவான் மேடம்."

"பாப்போம். நான் போய்த் தூக்கல. அவனா வரட்டும்னு சும்மா தரையில உக்காந்திருக்கேன்."

கையில் பெயின்ட் இருந்ததால் போனைத் தோளில் இடுக்கியிருந்தேன். அது நழுவி விழுந்து லைன் போய்விட்டது. பிறகு ஒரு படம் அனுப்பியிருந்தார். தரையில் மேடத்தின் கால்கள் நீட்டியிருக்கின்றன. பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் லாரியை உருட்டுகிறான். அவன் முதுகு மட்டும் அவர் முழங்காலில் சாய்ந்திருக்கிறது.